எட்டாண்டு முற்றுகையும் நமது அரைமணி நேரமும்

செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகையிட்டது 1690இல். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார். பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள் என்று கோட்டை கைமாறியது. இன்று அங்கே மிஞ்சியிருப்பவை காலியான தானியக் களஞ்சியங்களும் ஆளில்லா மண்டபங்களும்தான்.

நாமும் வீடு, கடை, வெளிநாட்டுச் சம்பளம் என்று ஆண்டுக்கணக்கில் முற்றுகையிடுகிறோம். குடும்பத்திற்காக ஹலாலாக உழைப்பது நன்மையே. ஆனால் யாருக்காக உழைக்கிறோமோ, அவர்களோடு உட்கார நேரமில்லை என்கிறோம்.

மூன்றே வசனங்கள் கொண்ட அல்அஸ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிட்டு, நஷ்டத்தைப் பற்றி எச்சரிக்கிறான். தப்பிப்பதற்கு வழி நான்கு: ஈமான், நற்செயல், சத்தியத்தை எடுத்துச் சொல்வது, பொறுமையை எடுத்துச் சொல்வது. கடைசி இரண்டையும் தனியாகச் செய்ய முடியாது; கேட்க ஆள் வேண்டும். அதை வீட்டில்தானே தொடங்க வேண்டும்?

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரைமணி நேரம் கைபேசியை ஒதுக்கி வைப்போம். பிள்ளைகள் ஓதுவதைக் கேட்போம், பெற்றோரிடம் பேசுவோம். மாதத்திற்கு 15 மணி நேரம் சேரும். மிஞ்சும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. தொழுகைக்கு வக்து இருப்பதுபோல் குடும்பத்திற்கும் ஒரு வக்து குறிப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக!