ஈயத்தைக் கடக்கும், மெழுகில் நிற்கும்

எக்ஸ் கதிருக்கு ஈயம் சுவர். நியூட்ரானுக்கு அதே ஈயம் ஜன்னல், மெழுகுதான் சுவர். எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களோடு மல்லுக்கட்டும், நியூட்ரானோ நேரே அணுக்கருவிடம் போகும்.

கல்பாக்கத்தில் 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய ‘காமினி’, முதன்மையாக, எக்ஸ் கதிருக்குப் பதிலாக நியூட்ரானைக் கொண்டு படம் எடுப்பதற்கான சிறிய அணு உலை. எரிபொருள், தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233. திறன் வெறும் 30 கிலோவாட்: பதினைந்து வீட்டு கெய்சர் அளவு!

அங்குள்ள சோதனை வேக ஈனுலையில் எரிந்த எரிபொருள் கம்பிகளை உடைக்காமல் உள்ளே பார்க்க வேண்டும். எஃகு உறைக்குள் வில்லைகள் எங்கே, விரிசல் எங்கே, இடைவெளி எங்கே? ஆனால் அக்கம்பிகள் உமிழும் காமா கதிரே ஃபிலிமைக் கருக்கிவிடும். அதனால் ஃபிலிமை அங்கே வைப்பதே இல்லை. கம்பிக்குப் பின்னால் டிஸ்ப்ரோசியம் தகடு நிற்கும். காமா அதைச் சீண்டாது. நியூட்ரான் பட்ட இடம் மட்டும் கதிரியக்கம் பெறும். தகட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோய் ஃபிலிமோடு ஒட்டிவைத்தால், அதுவே படத்தை அச்சிடும். ஆற அமரச் செய்கிற வேலையல்ல: சுமார் 2 மணி 20 நிமிடத்தில் அந்தக் கதிரியக்கம் பாதியாகிவிடும்.

இஸ்ரோவின் வெடிபொருள் கருவிகளும் இங்கே சோதிக்கப்பட்டன. உலோக உறைக்குள் இருக்கும் வெடிமருந்தை, மெழுகில் இருப்பது போலவே அதிலும் உள்ள ஹைட்ரஜன் நிழலாகக் காட்டிக்கொடுக்கும்.