எய்ட்ஸ் கிருமியில் 2 வகை!

போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இருவர் சிகிச்சை பெற்றார்கள். எய்ட்ஸ் நோயின் அறிகுறிகள் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. ஆனால் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி அகப்படவில்லை!

டாக்டர்கள் திகைத்தார்கள். ரத்தம் பாரிஸ் நகருக்குப் போயிற்று. 1983-ம் ஆண்டில் எய்ட்ஸ் கிருமியை முதலில் கண்டுபிடித்த பாஸ்டர் நிலையம் அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் இருந்தது வேறொரு கிருமி! 1986-ம் ஆண்டில் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் இரண்டாம் வகை எச்.ஐ.வி.

முதல் வகை சிம்பன்சியிடம் இருந்து மனிதனுக்கு வந்தது. இரண்டாம் வகை வேறோர் ஆப்பிரிக்கக் குரங்கிடம் இருந்து வந்தது.

உடலின் காவல் படை

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நம் உடலின் காவல் படை. சில அணுக்கள் ரோந்து சுற்றும். எதிரியைக் கண்டால் தகவல் சொல்லும். சில, கிருமி புகுந்த அணுவைக் கொல்லும். "சி.டி.4" என்ற அணுக்கள் உத்தரவு போடும். எய்ட்ஸ் கிருமி இந்தத் தளபதிகளைத்தான் தேடிப் பிடிக்கிறது. தளபதி போனால் படை என்ன ஆகும்?

முதல் வகை பொல்லாதது. ரோந்து அணுக்களுக்குள் அது அதிகம் நுழைவதில்லை. அதனால் அபாயச் சங்கு சரியாக ஊதுவதில்லை.

இரண்டாம் வகையிடம் ஒரு கள்ளச்சாவி உண்டு. "வி.பி.எக்ஸ்." என்ற புரதம் அது. அதைக் கொண்டு ரோந்து அணுவுக்குள் புகுந்துவிடும். புகுந்ததும் மாட்டிக்கொள்ளும்! அணு விழித்துக்கொண்டு சங்கு ஊதுவதை விஞ்ஞானிகள் சோதனைச் சாலையில் கண்டார்கள். அதிக கெட்டிக்காரத்தனமும் ஆபத்துதான் போலும்!

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி-பிசாவ் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. இரண்டாம் வகைக் கிருமி உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமியின் உள்கூட்டில் உள்ள புரதத்தைக் கொல்லும் அணுக்கள் பலமாகத் தாக்கியவர்களிடம் கிருமி குறைவாக இருந்தது. இப்படிப் பலர் நெடுங்காலம் நோயின்றி இருக்கிறார்கள்.

எந்த மாத்திரை?

அதற்காக இரண்டாம் வகையை அலட்சியம் செய்யக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் அதுவும் ஆளைக் கொல்லும். மெதுவாகக் கொல்லும், அவ்வளவுதான்.

இந்தியாவிலும் இந்த வகை உண்டு, ஆனால் குறைவு. தினமும் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு வகையையும் அடக்கி வைக்கலாம். ஆனால் நெவிரபின், எபாவிரென்ஸ் போன்ற மாத்திரைகள் முதல் வகையை மட்டுமே அடக்கும். இரண்டாம் வகையிடம் அவை பலிக்காது. அதனால்தான், "எச்.ஐ.வி. இருக்கிறது" என்று தெரிந்ததும், அது எந்த வகை என்பதையும் டாக்டர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.