பழைய வீடும் புகைப்பட நிலையமும்

காளிகாட் என்றதும் காளிதேவியின் திருக்கோயிலே நம் நினைவில் எழுகிறது. இன்று நாம் காணும் கோயில் 1809-ஆம் ஆண்டில் எழுந்தது. யாத்திரிகர்களுக்கு விற்பதற்கென்று கோயிலை ஒட்டி வாழ்ந்த ஓவியர்கள் தீட்டிய படங்கள் 'காளிகாட் ஓவியங்கள்' என்ற பெயரால் உலகப் புகழ் எய்தின. மலிவான அச்சுப் படங்கள் வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழில் நலிந்தது. அதே வட்டாரத்தில் இன்று நலிந்து வருபவை பழைய வீடுகள்.

நம்மவர் மிகுதியாகக் குடியேறிய லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து காளிகாட்டுக்கு நடந்தே செல்லலாம். வழியில் சிவப்புத் தரையும், சாய்ந்த மரச்சட்டங்கள் கோத்த பச்சைச் சாளரக் கதவுகளும், தெருவை நோக்கிய திண்ணையும் கொண்ட வீடுகளைக் காண்கிறோம். நம் திண்ணையை வங்காளிகள் 'ரோக்' என்பர். வாரிசுகள் பலராகிப் பழுதுபார்க்கும் செலவும் பெருகியதும் இத்தகைய வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்கு மாடிகள் எழுகின்றன. இவற்றைக் காக்க வேண்டுமென்று எழுத்தாளர் அமித் சௌதுரி 2015-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கினார். ஆயினும் பரிவு ஒன்றினால் மட்டும் கூரை ஒழுகாமல் நின்றுவிடாது. வீடு நிற்க வேண்டுமாயின் அது தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும். அதற்குரிய வழிகளில் ஒன்று, வீட்டைப் புகைப்பட நிலையமாக்குவது.

இது பொருந்துமா என்று ஐயுற வேண்டியதில்லை. புகைப்படக் கலை ஒளியை நம்பியது. பழைய வீடும் ஒளியை அளந்து கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்விளக்கு பரவலாக இல்லை. படத்தகடுகளின் உணர்திறனும் குறைவு. ஆதலின் நிலையங்கள் பெரிய கண்ணாடிச் சாளரங்களையும் கண்ணாடிக் கூரைகளையும் நாடின. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் 1881 டிசம்பர் 10 அன்று கல்கத்தாவின் ராதாபஜாரிலிருந்த நிலையம் ஒன்றில், தூணின்மீது கையூன்றி நின்ற கோலத்தில் படமெடுக்கப்பெற்றார். அன்றைய நிலையம் வேண்டி நின்றது வானத்தின் பரந்த ஒளி. நாற்புறமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் இறங்குவதும் அவ்வொளியே.

முற்றத்து ஒளியின் அருமையைச் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நன்கு அறிந்திருந்தார். காசியிலுள்ள வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாப் படப்பிடிப்புக் கூடத்துக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதன்மீது பாய்ச்சி, திரும்பி விழுந்த மெல்லொளியில் படம் எடுத்தார். இல்லாத முற்றத்துக்காக அவர் பட்ட பாடு அது. முற்றம் உள்ள வீட்டை வைத்துக்கொண்டு அதனை மூடிவிடுவது அறிவுடைமை ஆகுமா?

அடுத்து, அறையைத் தேர்ந்தெடுக்கும் முறை. கொல்கத்தாவில் தென்றலை நாடித் தெற்கு நோக்கிய அறைகளையே மக்கள் விரும்புவர். வடக்கு அறைக்கு மதிப்புக் குறைவு. புகைப்படக்காரருக்கு வேண்டியதோ அந்த வடக்கு அறைதான். நேர்வெயில் புகாமல் நாள் முழுவதும் பெரிதும் மாறாத ஒளி அங்கே கிடைக்கும். கொல்கத்தா கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், ஜூன் மாதத்தை ஒட்டிக் காலையிலும் மாலையிலும் வடக்குச் சாளரத்திலும் வெயில் எட்டிப் பார்க்கும்; ஒரு வெள்ளைத் திரை போதும். சென்னையில் சித்திரை நடுப்பகுதி முதல் ஆடி முடிவு வரை நண்பகல் வெயிலும் வடபுறமாகவே சாய்வதால், அங்கே திரை இன்னும் இன்றியமையாதது.

இடத்தின் அளவும் கணக்கிடத் தக்கது. ஒருவரை முழு உருவமாக 85 மில்லிமீட்டர் லென்ஸில் எடுக்க ஏறத்தாழ 16 அடித் தொலைவு வேண்டும். அவருக்குப் பின்னே திரைக்கு ஐந்தாறு அடியும், படமெடுப்பவர் நிற்க மூன்று அடியும் சேர்ந்தால் 25 அடி ஆகிறது. பழைய வீட்டின் அறை அத்துணை நீளம் இராது. உடனே நடுச்சுவரை இடிக்கத் துணிவோர் உளர். அது பெருந்தவறு. அத்தகைய வீடுகளில் மேல்தளத்தின் பாரத்தைச் சுவர்களே தாங்குகின்றன. அறைகள் வரிசையாக அமைந்து வாயில்கள் நேர்நேராக இருப்பின், கதவுகளைத் திறந்து அடுத்த அறையில் கேமராவை நிறுத்தினால் வேண்டிய தொலைவு கிட்டும், கடப்பாரைக்கு வேலையில்லை.

வேறு சில கவனங்களும் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவரின்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். சுண்ணாம்பே பூசுதல் நன்று. பழைய உத்தரங்களிலிருந்து கனத்த விளக்குகளைத் தொங்கவிடாமல் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் லென்ஸ்களில் பூஞ்சணம் படரும். சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டி அதனைத் தடுக்கும். கொல்கத்தா மாநகராட்சி பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டுள்ளது. நம் வீடு அதில் உள்ளதா என்று பார்த்து, உரிய இசைவு பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது மின்கம்பிகளைப் புதுப்பித்தல். சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்து, பின்னர் கூட்டாளியுடன் வளர்த்த போர்ன் அண்ட் ஷெப்பர்டு நிலையம் கொல்கத்தாவின் பெருமையாக விளங்கியது. 1991-இல் நேர்ந்த தீ, அதன் அரிய படச்சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கியது. 2016-இல் நிலையமே மூடப்பட்டது. எடுத்த படங்களின் படியை வேறோர் இடத்திலும் வைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அத்தீ உணர்த்துகிறது.

ஆகவே பழைய வீட்டை அழகிய புகைப்பட நிலையமாக்குவதென்பது, புதியன சேர்ப்பதைவிட, இருப்பதைக் கெடுக்காதிருப்பதே ஆகும். உதிர்ந்த காரையும் சிவப்புத் தரையும் பச்சைக் கதவும் விலைகொடுத்து வாங்கவியலாத பின்னணிகள். கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ பூட்டிய முற்ற வீட்டை உடையவர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம். விற்பதற்கு முன், ஒருநாள் காலை அம்முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, வீட்டு முதியவர் ஒருவரை அமர்த்திப் படம் எடுத்துப் பாருங்கள். வீட்டின் விலை என்னவென்று அந்தப் படம் சொல்லும்.