புவியியல் தகவல் முறைக் கல்வியும் களப்பயிற்சியும்

சரிவு, மண், மழை, நிலப்பயன் ஆகியவற்றின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆராயும் கணிப்பொறி முறையே புவியியல் தகவல் முறையாகும். ஓர் அடுக்குப் பிழைத்தால் நிலச்சரிவு மதிப்பீடும் பிழைபடும்.

வித்துராவை அடுத்துள்ள ரப்பர்த் தோட்டமும் பொன்முடியின் பசுமைமாறாக் காடும் செயற்கைக்கோள் படத்தில் ஒரே பச்சையாகத் தோன்றக்கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்க்கும் என்பதை அறிந்த மாணவரே அப்பருவத்துப் படத்தைத் தேடுவார். இவ்வறிவை மென்பொருள் தருவதில்லை.

வித்துராவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும், அருகே வலியமலையில் 2007-இல் தொடங்கப்பெற்ற விண்வெளிக் கல்வி நிறுவனமும் உள்ளன. பிந்தையதில் புவித்தகவலியல் முதுநிலைப் படிப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளால் நிலப்பட விவரங்கள் பெறுதல் எளிதாயிற்று. விலையில்லா மென்பொருளும் கிடைக்கிறது. எனவே கல்லூரிகள் செலவிட வேண்டியது களப்பயணத்திற்கே: மாணவர் தோட்டத்திற்குச் சென்று, இடக்குறியைப் பதிந்து, திரும்பி வந்து தம் படத்தைத் திருத்த வேண்டும்.