ஜீப்பின் பின் அச்சும் இரண்டு டிகிரியும்

தாராவி தொண்ணூறடிச் சாலைக்கு அருகே நாற்பது ஆண்டுகளாக வண்டி வேலை பார்த்து வருகிறேன். ஜீப்பை உயர்த்திக் கட்டித் தரும்படி மாதுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி அதன் காரணத்தையும் விளக்குகிறேன்.

பழைய மகிந்திரா ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை பின் அச்சுக்கு அடியில் இருக்கும். அதை அச்சின் மேல் ஏற்றினால் வண்டி நாலைந்து அங்குலம் உயரும். இதற்கு அச்சுக் குழாயின் மேல் புதிய இருக்கைத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். 1994இல் செம்பூர் அன்பர் ஒருவரின் ஜீப்புக்கு, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே கண்ணால் மட்டம் பார்த்து வெல்டிங் வைத்துவிட்டேன்.

சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் உறுமல் கேட்டது. "போகப் போகச் சரியாகிவிடும் சார்" என்றேன். ஒரு மாதத்தில், அவர் குடும்பத்தோடு கண்டாலா மலைப்பாதையில் இறங்கும்போது கிராஸ் உடைந்து புரொபெல்லர் ஷாஃப்ட் சாலையில் விழுந்தது. அந்த ஜீப்பில் ஹாண்ட் பிரேக்கும் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். எனவே எஞ்சின் பிடிப்பு, ஹாண்ட் பிரேக் இரண்டும் ஒருசேரப் போயின. கால் பிரேக்கும், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்களும் அவர்களைக் காப்பாற்றின.

காரணம் இதுதான். கிராஸ் ஒரு கோணத்தில் சுற்றும்போது, சீராக வரும் சுழற்சி அந்தப்புறம் சீராகப் போகாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள கிராஸும் அதே அளவு கோணத்தில் இருந்தால் இந்தக் குறை சமனாகும். அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் அச்சும், பின்னால் உள்ள பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையேல் அதிர்வு, தேய்மானம், முறிவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு சற்று மேலே எழும். ஆகவே இணைகோட்டிலிருந்து ஒன்று, இரண்டு டிகிரி மூக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கியர்பாக்ஸ் முனை பின்நோக்கி நான்கு டிகிரி சரிந்திருந்தால், பினியன் மூக்கு நான்கு டிகிரி நிமிர்ந்திருப்பது இணை. அதை இரண்டு அல்லது மூன்று டிகிரியில் நிறுத்துவோம்.

இப்போது செய்யும் முறை: சமதளத்தில், முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கோணம் அளக்கிறேன். தகட்டைப் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, மீண்டும் அளக்கிறேன். பிறகு சூட்டில் குழாய் வளையாதபடி சிறிது சிறிதாக முடிக்கிறேன். கோணம் காட்டும் வசதி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. சிறு பிசகுக்கு ஆப்புத் தகடு போதும். கோணம் மிகப் பெரிதானால், சமனாக இருந்தாலும் கிராஸ் சீக்கிரம் தேயும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் நான் இப்போது இந்த வேலையைத் தொடுவதில்லை.

செம்பூர் அன்பர் என்னைத் திட்டவே இல்லை. அதனால்தான் அந்த உறுமல் இன்னும் என் காதில் கேட்கிறது. வண்டி உறுமினால், "சரியாகிவிடும்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.