தக்காளிக் காயின் அடி கறுப்பதேன்?

கரவெட்டிப் பகுதியில் மாரி ஓய்ந்தபின் கிணற்று இறைப்பில் தக்காளி காய்க்கும்போது, சில காய்களின் அடிப்புறம் கறுத்துத் தோல்போல் இறுகிக் குழிவதுண்டு. கண்டவுடன் மருந்து விசிறப் புறப்படுவது வீண் செலவு. முதலில் காயைப் பறித்துத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

பூ உதிர்ந்த நுனியில் மட்டும் கறுப்பிருப்பின், அது கிருமியால் வந்ததன்று. காய்க்குக் கல்சியம் எட்டாத குறை. சுண்ணக்கல் மேல் அமைந்த யாழ்ப்பாணத்து மண்ணிற் கல்சியத்துக்குப் பஞ்சமா எனக் கேட்கலாம். மண்ணில் இருந்தால் மட்டும் போதாது. அது நீரோடு சென்றே காயை அடைகிறது. நிலம் ஒரு கிழமை காய்ந்து, பின் ஒரே நாளில் வெள்ளமாய் இறைக்கப்படின் அவ்வோட்டம் தடைப்படும். இருக்கும் நீரை இலைகள் முந்தி இழுத்துக்கொள்ள, காய் பின்தங்கும். யூரியாவை மிகையாக இட்டுத் தழையைப் பெருக்கினால் குறை மேலும் கூடும். ஆகவே அளவாக, இடைவெளி தவறாது இறைத்து, செடியடியில் வைக்கோல் பரப்புக. கறுத்த காய் தேறாது, பறித்துவிடுக. இறைப்புச் சீரானபின் பிடிக்கும் காய்கள் பெரும்பாலும் பழுதின்றி வரும்.

வெயில் படும் பக்கம் வெளிறியிருப்பின் அது வெயிற்சூடு. பெரும்பாலும் இலையை மிகையாகக் கழித்தவர் கைவேலை. துளையும் எச்சமும் காணப்படின் காய்துளைக்கும் புழுவாகும். அக்காய்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். பழுத்த பழத்தில் வட்டமான குழிப்புள்ளிகள் தோன்றும்போதே பங்கசு நோயை ஐயுறலாம்.