இரண்டாம் கியர் நழுவும், வண்டி நல்ல வண்டி

பழைய ஜீப்பை விற்பவர் சொல்லக் கூடாத ஒரு வாக்கியம் உண்டு: "வண்டியில் ஒரு குறையும் இல்லை." முப்பது வருடம் மலையேறி இறங்கிய வண்டியில் குறையே இல்லை என்றால், விற்பவருக்கு வண்டியைத் தெரியவில்லை, அல்லது வாங்க வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நினைக்கிறார். இரண்டுமே வியாபாரத்துக்கு ஆகாது. பழைய ஃபோர் வீல் வண்டியைத் தேடி வருபவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவராக இருப்பார். இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வருவார். எந்தக் குறையோடு வாழலாம், எதோடு வாழ முடியாது என்பதுதான் அவர்களுக்குள் ஓடும் பேச்சு. விற்பவரும் அதே கணக்கில் பேசினால் பேரம் நீளாது.

தமிழ்நாட்டில் இப்படிக் கை மாறுபவற்றில் முதலில் நினைவுக்கு வருவது மஹிந்திரா ஜீப். அடுத்தது மாருதி ஜிப்ஸி. ராணுவ ஏலத்தில் வெளியே வந்த ஜோங்கா எப்போதாவது கண்ணில் படும். கம்பம், போடி பக்கத்திலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகள், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல் பாதையில் ஏறிய ஜீப்புகள், நீலகிரியிலும் வால்பாறையிலும் எஸ்டேட் வேலை பார்த்தவை, ஊரில் பண்ணையார் வீட்டுக் கொட்டகையில் தூங்கியவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப்பு இருந்திருக்கிறது. வண்டி என்ன வேலை பார்த்தது என்பதே அதன் குறைகளில் பாதியைச் சொல்லிவிடும். ஆள் ஏற்றிய வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டைகள் படுத்திருக்கும். கொட்டகையில் நின்ற வண்டியில் பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும். கடலோர ஊரில் ஓடியதற்கு அடித்தளம் அரித்திருக்கும்.

விற்பனையின் முதல் உண்மை, விற்கப்படுவது எந்த வண்டி என்பது. 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. பிறகு இங்கேயே தயாரான சிஜே 3பி, உயர்ந்த பானட்டால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். இன்டேக் வால்வுகள் என்ஜினின் தலைக்கு ஏறியதால் என்ஜின் உயர்ந்தது. அதை மூட பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968ஓடு நின்றுபோன அந்த உருவம் இந்தியச் சாலைகளில் அதற்குப் பின்னும் வெகுகாலம் தொடர்ந்தது. 1980களின் நடுவில் எம்எம் 540 வந்தது. அதில் 2,112 சிசி பெஜோ டீசல் என்ஜின். 1985இல் வந்த ஜிப்ஸியில் 970 சிசி பெட்ரோல் என்ஜின். பின்னால் வந்த கிங் மாடலில் அது 1.3 லிட்டராக வளர்ந்தது.

இந்த வரலாறு விற்பவருக்கு எதற்கு என்றால், ஆர்.சி. புக்கில் ஒரு வண்டியும் கொட்டகையில் இன்னொரு வண்டியும் இருப்பது இந்தச் சந்தையில் சகஜம். சிஜே 3பி முகம், பொலிரோ என்ஜின், பட்டறையில் வளைத்த பாடி, எங்கிருந்தோ வந்த ஆக்சில். ஹரியானாவின் மண்டி டப்வாலி இப்படிப் பழைய பாகங்களைச் சேர்த்துப் புது ஜீப் கட்டுவதற்கே பேர்போன ஊர். கட்டிய வண்டி பார்க்க அழகாக இருக்கலாம், நன்றாக ஓடவும் செய்யலாம். ஆனால் அதை "ஒரிஜினல்" என்று விற்பது பொய். எது கம்பெனியில் வந்தது, எது பின்னால் மாறியது என்று விற்பவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபோர் வீலா, ஃபோர் வீல் மாதிரியா?

பழைய ஜீப் எல்லாமே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பது தவறான நம்பிக்கை. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் கம்பெனியிலிருந்தே வந்தன. வேறு சிலவற்றில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டிருப்பார்கள். டீசல் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். பழுதான முன் கிரவுனைச் சரி செய்யும் செலவுக்குப் பயம் என்பது உண்மையான காரணம். உள்ளே இரண்டாவது லீவர் இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது.

சோதனை எளிது. சமதரையில் பின் சக்கரங்களுக்கு நன்றாக அடை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். ஹப்பில் பூட்டு இருந்தால் அதைப் பூட்டி, ஃபோர் வீல் லீவரைப் போட்டு, என்ஜினை அணைத்த நிலையில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் சக்கரம் லேசாக ஆடி நின்றுவிடும். தாராளமாகச் சுற்றினால் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. விற்பவரே இதைச் செய்து காட்டினால், அதன் பிறகு வார்த்தை தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. இந்த வண்டிகளில் முன் பின் ஆக்சில்களுக்கு இடையே வேகத்தைச் சமன் செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். தார் ரோட்டில் முடியாது. ஆசைக்கு ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டு நாலு வளைவு திரும்பினால் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வராது. வாங்க வந்தவர் வண்டி கெட்டுவிட்டதாகப் பதறுவார். நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இது கோளாறே அல்ல, வண்டியின் சுபாவம்.

சுபாவமும் கோளாறும்

சுபாவத்துக்கும் கோளாறுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில்தான் விற்பவரின் நேர்மை தெரியும். படுதா வழியாக மழைநீர் உள்ளே சொட்டும். அது ஜீப்பின் பிறவிக்குணம். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், பூஸ்டர் இல்லை; காலை ஊன்றி மிதிக்க வேண்டும், ஓடையைக் கடந்து வந்தால் டிரம் காயும்வரை பிடிப்பு குறையும். ஸ்டீயரிங்கில் இரண்டு விரற்கடை வெற்றாட்டம் இருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து எத்தனை வருடமாயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை வைத்துப் பெருமை பேசுவது வீண்.

ஆயில் கசிவு விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கசியாத பழைய ஜீப்பில் ஆயிலே இருக்காது என்று மெக்கானிக்குகள் கேலி பேசுவதுண்டு. கேள்வி எங்கே கசிகிறது என்பதுதான். முதல் நாள் இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தால் காலையில் கதை முழுவதும் அதில் இருக்கும். நடுவில், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நேர் கீழே கந்தக வாடையோடு கெட்டியாக நாலைந்து சொட்டு விழுந்திருந்தால் அது கியர் ஆயில். தேய்ந்த சீல், அவ்வளவுதான். சக்கரத்தின் உட்பக்கமாக மெல்லிய ஈரம் வழிந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியைச் சரி செய்யாமல் யாருக்கும் ஓட்டக் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் கியர் நழுவுவது இந்த ஜீப்புகளின் பிரபலமான வியாதி. ஏற்றத்தில் தெரியாது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழும். பல வருடம் ஓட்டியவர் இடது கையால் லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறங்கப் பழகியிருப்பார்; அது ஒரு குறை என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். புதிதாக வாங்கியவருக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. கொண்டைஊசி வளைவில் கியர் விட்டுப்போனால் என்ஜின் பிடிப்பும் போய், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டிவரும். இதைச் சொல்லாமல் விற்பது குறையை மறைப்பதோடு நிற்காது. ஆளை ஆபத்தில் தள்ளுவது. வாபிளிங்கும் இதே ரகம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் இறங்கியதும் முன் சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கும். கிங் பின் பேரிங், டை ராடு முனை, பட்டைகளின் புஷ் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கும். வீல் பேலன்ஸ் மட்டும் செய்து கைகழுவக் கூடாத குறை இது.

எல்லாவற்றுக்கும் மேலே சேசிஸ். என்ஜினை இறக்கி ஏற்றலாம், பாடியை மாற்றலாம். பட்டை மாட்டும் தாங்கிகளுக்குப் பக்கத்திலும் ஸ்டீயரிங் பாக்ஸ் அமர்ந்திருக்கும் இடத்திலும் சேசிஸில் விரிசல் விழும். மேலே தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் அதைப் படம் எடுத்து முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். நல்ல வெல்டிங் பல வருடம் தாங்கும். ஒளித்து வைத்த வெல்டிங் வாங்குபவரின் மெக்கானிக் டார்ச் அடித்த அடுத்த நிமிடம் பேரத்தையே முறித்துவிடும்.

இதனால்தான் விற்பதற்கு முன் செய்யும் ஒப்பனை பெரும்பாலும் விற்பவருக்கே எதிராக முடிகிறது. அடித்தளத்துக்குப் புதிதாகக் கறுப்பு பெயின்ட், என்ஜினுக்கு டீசல் வாஷ், பாடிக்குப் பட்டி பார்த்துப் பளபளப்பு இவையெல்லாம் அனுபவசாலியின் கண்ணில் சந்தேகத்தையே கிளப்பும். காலையில் என்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு ஆளை வரச் சொல்வதும் அப்படித்தான். குளிர்ந்த என்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க வந்தவருக்கு, சூடான பானட் ஒரு பதிலாகவே தெரியும். கிரவுன் சத்தத்தை அடக்க கியர் ஆயிலில் மரத்தூள் கலப்பது பழைய தந்திரம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 17ஆவது பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. வெறுமனே வாய் மூடியிருப்பது எல்லாச் சமயத்திலும் மோசடியாகாது. மரத்தூள் போடுவது அந்த விலக்கில் வராது.

காகிதம் சரியா?

வண்டியின் குறைகளைப் பணம் கொடுத்துச் சரி செய்யலாம். காகிதத்தில் விழுந்த குறையைச் சில சமயம் எவ்வளவு கொடுத்தாலும் சரி செய்ய முடியாது. தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025இல் அது 10,000 ஆனது. இதோடு பசுமை வரியும் உண்டு. எஃப்.சி. கரண்டில் இருக்கிறதா, அடுத்த புதுப்பிப்பு எப்போது என்பதை விலை சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக்காக இருந்தால், வண்டியின் விவரம் வாகன் இணையப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே பார்த்து ஏற்றிவிடுவது விற்பவரின் வேலை. மஞ்சள் போர்டில் ஓடிய ஜீப் என்றால் அதைத் தனியார் வண்டியாக மாற்றியாயிற்றா என்பது அடுத்த கேள்வி.

என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். மாற்றிய என்ஜின் பதிவில் ஏறாமல் இருந்தால் அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் சட்டப்படி பிரச்சினை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ராணுவ ஏலத்தில் எடுத்து இன்னும் பதிவு செய்யாத வண்டிக்கு, ராணுவ அதிகாரி தந்த படிவம் 21 விற்பனைச் சான்று இல்லாவிட்டால் அதைப் பாகங்களின் விலைக்குத்தான் கேட்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டி அசல் உருவில் இருக்கும் வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி பொருந்தும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. தோட்டத்துக்குப் போய்வர ஜீப் தேடுபவரிடம் "விண்டேஜ்" என்று ஆசை காட்டுவது அவருக்கு உதவாது.

விலைக்கு அச்சடித்த அட்டவணை எதுவும் இல்லை. ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் மதிப்பே கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான். நடைமுறையில் காகிதம், சேசிஸ், உண்மையான ஃபோர் வீல், அசல் பாகங்கள் என்ற வரிசையில் விலை ஏறும். புது டயரும் புது படுதாவும் போட்ட செலவு முழுதாகத் திரும்பி வராது. தெரிந்த குறைகளுக்கு மெக்கானிக்கிடம் செலவுக் கணக்கு வாங்கி, அதைக் கழித்த விலையைச் சொல்பவரிடம் மறுபடியும் அதே குறைக்காகக் குறைத்துக் கேட்பது கடினம்.

கை மாறும் நாள்

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், வந்தவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், விற்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பணம் முழுவதும் கணக்கில் ஏறிய பிறகே அசல் ஆர்.சி. கை மாற வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, சொல்லப்பட்ட குறைகளையும் வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நாளைக்கு "சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயர், முகவரி எழுதாமல் வெற்றுக் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளிலும், வெளி மாநிலத்துக்கு என்றால் 45 நாளிலும் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28 தடையின்மைச் சான்றும் தேவை.

பெயர் மாற்றாமல் விட்ட ஒரு காரின் வழக்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கார் விற்கப்பட்டுப் பல கை மாறிய பிறகு 2009இல் விபத்து நடந்திருந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ஜீப்பை விற்றவர்கள் பணத்தை எண்ணியதோடு நின்றுவிடாமல், சில வாரம் கழித்து வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.